பழைய எண்கள் திரும்பி வருமா?

கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். கூகல் ஃபார்மில் எல்லாரும் அடையாள அட்டை எண்ணைச் சரியாகத்தான் நிரப்பியிருப்பார்கள். அதை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறந்தவுடன், 2007-இல் பிறந்தவர்களின் எண்ணுக்கு முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போய்விடும். 12 இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 11 தான் நிற்கும். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்த ஓர் அண்ணன் அந்தப் பட்டியலில் இருந்தால் மூன்று பூஜ்யங்கள் போய் ஒன்பது இலக்கம்தான் மிஞ்சும்.

உடனே எல்லாரும் கண்ட்ரோல் இசட் அடித்துப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. நீங்கள் எதையும் மாற்றவில்லையே, எதைத் திரும்பப் பெறுவது? கோப்பைத் திறக்கும்போதே எக்செல் அதை 'எண்' என்று முடிவு செய்துவிட்டது. எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லை என்பதால் அதை எடுத்துவிட்டது. நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

ஆனால் இந்தப் பூஜ்யங்களை மீட்பது எளிது. மைகாட் எண் எப்போதும் 12 இலக்கம். ஆகவே குறைகிற இலக்கங்கள் எல்லாம் முன்னால் இருந்த பூஜ்யங்களாகத்தான் இருக்க வேண்டும். எக்செலின் டெக்ஸ்ட் சூத்திரத்தில் பன்னிரண்டு பூஜ்யங்களை வடிவமாகக் கொடுத்தால் எல்லா எண்ணும் பழையபடி வந்து நிற்கும். சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் இப்படித்தான். ஆறு இலக்கம் என்று தெரிந்ததால், நகர மையத்து முகவரிகளில் தொலைந்த பூஜ்யத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஆண்டுக்கு ஆண்டு மென்பொருள் மாறினாலும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி மாறுவதில்லை: "சார், டேட்டாவ மாத்திட்டேன், பழையபடி கொண்டுவர முடியுமா?" முடியும், முடியாது என்று ஒரே சொல்லில் நான் பதில் சொல்வதில்லை. என்ன மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் இருக்கிறது.

எக்செலில் ஓர் எண்ணுக்கு 15 இலக்கம்வரைதான் இடம் உண்டு. 16 இலக்க வங்கி அட்டை எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். தொலைந்தது தொலைந்ததுதானே என்று தோன்றும். இல்லை. வங்கி அட்டைகளில் கடைசி இலக்கம் முன்னால் உள்ள 15 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கிய முறை அது. ஆகவே அந்த இலக்கத்தையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அதே 16 இலக்கம், அத்தகைய விதி எதுவும் இல்லாத ஒரு பொட்டலக் கண்காணிப்பு எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் போனது போனதுதான்.

நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு முதல் அத்தியாயமே சார்புகள். அதில் நேர்மாறுச் சார்பு வரும். தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் எடுத்தவர்களும் இதைப் படித்திருப்பார்கள். வரைபடத்தின் மேல் கிடைக்கோடு ஒன்றைப் போட்டு, அது ஒரே இடத்தில்தான் வெட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். "இதெல்லாம் எதற்கு சார்?" என்று வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று போகும் மாற்றத்தைத் திருப்பலாம். இரண்டு வெவ்வேறு எண்கள் ஒரே எண்ணாக மாறுகிற மாற்றத்தைத் திருப்ப முடியாது. ஓர் எண்ணை இரண்டால் பெருக்கினால் திரும்ப வரலாம். இருபடியாக்கினால் 3-உம் ‑3-உம் இரண்டுமே 9 ஆகிவிடும், எது எதிலிருந்து வந்தது என்று 9 சொல்லாது.

தரப்படுத்துதல் என்கிற இசட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். வகுப்புச் சராசரி 64, திட்ட விலக்கம் 12, உங்கள் மதிப்பெண் 82 என்றால், 82-இலிருந்து 64-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் 1.5. திரும்பப் போக 1.5-ஐ 12-ஆல் பெருக்கி 64-ஐக் கூட்ட வேண்டும். வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். காலையில் காலுறையைப் போட்டுப் பிறகு சப்பாத்தைப் போடுகிறோம், மாலையில் சப்பாத்தைத்தான் முதலில் கழற்றுகிறோம். மாணவர்கள் செய்வதைப் பார்த்தால் பாதிப் பேர் சப்பாத்தோடு காலுறையை உருவப் பார்க்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயம். 64-உம் 12-உம் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். வெறும் 1.5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பைத்தன் மொழியில் சைகிட்-லேர்ன் தொகுப்பைப் பயன்படுத்தினால் அந்த இரண்டு எண்களையும் அது தன் நினைவில் வைத்திருக்கும். இன்வர்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒரு வரி எழுதினால் பழைய மதிப்பெண்கள் வந்துவிடும். ஆனால் கையால் திருப்பப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. சைகிட்-லேர்ன் திட்ட விலக்கத்தை மொத்த எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிடுகிறது. பாண்டாஸும் ஆர் மொழியும் அதில் ஒன்றைக் குறைத்து வகுக்கின்றன. ஒன்றில் மாற்றி மற்றொன்றின் விலக்கத்தை வைத்துத் திருப்பினால் 82 வராது, 82-க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தசம எண் வரும். 20 பேர் உள்ள வகுப்பில் இந்த வேறுபாடு கண்ணில் படும், 2,000 பேர் என்றால் படாது.

அந்த 212 படிவங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இறுதியாண்டு ஆய்வுக்காக என்னிடம் வந்தார். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது, கைச்செலவுக்கு எவ்வளவு கொண்டு வருகிறார்கள் என்று 212 பெற்றோரிடம் வினாப் படிவம் கொடுத்து வாங்கியிருந்தார். ஒப்படைக்க ஏழு நாள்தான் இருந்தது. எஸ்பிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து காட்டினார். நிமிடம் என்ற பத்தியில் 1, 2, 3, 4 மட்டுமே இருந்தன. கைச்செலவுப் பத்தியில் 0.60, 1.04 என்று தசமங்கள்.

நடந்தது இதுதான். எஸ்பிஎஸ்எஸ்-இல் மதிப்புகளை மாற்றி எழுதப் போனால் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று 'ரீகோட் இன்டூ சேம் வேரியபிள்ஸ்', அதாவது அதே பத்தியின் மேலேயே எழுதுவது. மற்றொன்று 'ரீகோட் இன்டூ டிஃபரன்ட் வேரியபிள்ஸ்', புதிய பத்தியில் எழுதுவது. பட்டியலில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும், 'சேம்' மேலே இருக்கும். அவருக்கு உதவி செய்த நண்பர் மேலே இருந்ததை அழுத்தி, நிமிடங்களை நான்கு குழுக்களாகப் பிரித்துவிட்டார். கைச்செலவுக்கு மடக்கை எடுத்தபோதும் புதிய பெயர் கொடுக்காமல் பழைய பெயரையே கொடுத்திருக்கிறார். இருக்கும் பத்தியை மாற்றவா என்று மென்பொருள் கேட்டது, ஓகே என்று அழுத்தியாயிற்று. கோப்பு சேமிக்கப்பட்டும் விட்டது.

கைச்செலவு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. சில பிள்ளைகள் காசே கொண்டு வருவதில்லை. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் எல்லா எண்ணோடும் 1-ஐக் கூட்டிப் பத்தின் அடியில் மடக்கை எடுத்திருந்தார்கள். அப்படியானால் திரும்பும்போது 10-இன் அடுக்காக்கி 1-ஐக் கழிக்க வேண்டும். திரையில் தெரியும் 0.60-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 2.98 வெள்ளி வரும். எந்த அம்மா பிள்ளைக்கு 2 வெள்ளி 98 காசு கொடுத்து அனுப்புவார்? திரையில் இரண்டு தசமம் தெரிந்தாலும் கோப்புக்குள் 0.60206 என்று முழுமையாக இருந்தது. அதை வைத்துச் செய்தபோது சரியாக 3 வெள்ளி வந்தது.

இங்கே 'மடக்கை' என்று மட்டும் பெயர் வைக்கப்பட்ட பத்திகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எக்செலில் லாக் என்றால் பத்தின் அடி. ஆர் மொழியிலும் பைத்தனின் நம்பையிலும் லாக் என்றால் இயல் மடக்கை. 100-இன் இயல் மடக்கை 4.605. இதைப் பத்தின் அடி என்று நினைத்துத் திருப்பினால் 100-க்குப் பதில் நாற்பதாயிரத்துக்கு மேல் ஓர் எண் வந்து நிற்கும். இவ்வளவு பெரிய வேறுபாடு என்றால் கண்டுபிடித்துவிடலாம். சின்ன எண்களில்தான் ஆபத்து.

நிமிடப் பத்தி திரும்பவில்லை. 2 என்றால் 15-இலிருந்து 30 நிமிடத்துக்குள். 17-ஆ, 29-ஆ என்று அந்த 2-ஐக் கேட்டால் பதில் வராது. நண்பர் ஒரு யோசனை சொன்னாராம்: "15-க்கும் 30-க்கும் நடுவுல ஏதாவது நம்பர கம்ப்யூட்டரயே போடச் சொல்லலாம், யாருக்குத் தெரியப் போகுது?" இதைச் செய்யலாமா என்று கேட்கத்தான் அந்த மாணவி உண்மையில் வந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கூடாது என்றேன். பெற்றோர் சொல்லாத எண்ணைப் பெற்றோர் சொன்னதாக எழுதுவது தரவைப் புனைவது. கண்டுபிடிக்கப்பட்டால் பட்டமே கேள்விக்குறியாகும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் அது அதேதான். படிவங்கள் கைவசம் இல்லையென்றால், நான்கு குழுக்களையே வைத்துக்கொண்டு அதற்கேற்ற கை-வர்க்கச் சோதனையைச் செய்து, ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் நடந்ததை இரண்டு வரியில் எழுதிவிடலாம். அது மரியாதையான வழி. ஆய்வு கொஞ்சம் மெலிந்து போகும், அவ்வளவுதான்.

படிவங்கள் வீட்டில் மைலோ பெட்டி ஒன்றில் இருந்தன. அந்த வாரக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போனார். தம்பி படிவ எண்ணையும் நிமிடத்தையும் வாசிக்க, இவர் தட்ட, அம்மா இன்னொரு முறை சரிபார்க்க, இரண்டு இரவில் 212-உம் முடிந்தன. நடுவில் அம்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "30 நிமிஷம்னு எழுதியிருக்காங்களே, அது எந்தக் கூட்டத்துல சேரும்?" நல்ல கேள்வி. ஆய்வறிக்கையில் 30 என்பது மூன்றாவது குழு. நண்பர் எஸ்பிஎஸ்எஸ்-இல் எழுதிய விதிகளில் 30 இரண்டு வரியிலும் இருந்தது. அப்படி இருந்தால் முதலில் பொருந்தும் விதியைத்தான் எஸ்பிஎஸ்எஸ் எடுக்கும். ஆக, 30 என்று எழுதிய எல்லாரும் இரண்டாவது குழுவில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அசல் படிவங்களைத் திரும்பத் தட்டாமல் இருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

கண்ட்ரோல் இசட் எவ்வளவு தூரம் வரும்?

எக்செல் கடைசி 100 செயல்களை நினைவில் வைத்திருக்கும், கோப்பை மூடினால் அந்த நினைவு போய்விடும். ஒரு மேக்ரோவை ஓடவிட்டாலும் அதுவரையிலான நினைவு அழிந்துவிடும். கூகல் ஷீட்ஸில் பழைய பதிப்புகள் தேதி வாரியாகக் கிடைக்கும் என்பதால் குழுவாகச் செய்யும் பள்ளி ஆய்வுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் எக்செலுக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறது, பலர் தொட்டுப் பார்ப்பதில்லை. டேட்டா பட்டியலில் உள்ள பவர் குவெரி. அதில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வலது பக்கத்தில் ஒரு படியாகப் பதிவாகும். அசல் கோப்பைப் பவர் குவெரி தொடுவதே இல்லை. மூன்றாவது படி வேண்டாம் என்றால் அதன் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போதும். நடுப்படியை எடுத்தால் அதை நம்பியிருந்த அடுத்த படிகள் பிழை காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளும் இப்படித்தான். கோப்பை மூடிவிட்டு அடுத்த மாதம் திறந்தாலும் முதல் நாள் செய்த மாற்றம்வரை பின்னால் போகலாம். பின்னால் போய்விட்டுப் புதிதாக ஒரு மாற்றம் செய்தால் மட்டும், அதற்குப் பிறகு இருந்த பழைய படிகள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. ஆர், பைத்தன் இரண்டிலும் கோப்பைப் படிக்கும்போது நினைவகத்தில் ஒரு நகல்தான் உருவாகிறது. அசலின் மேலேயே நீங்கள் எழுதினால் ஒழிய அது அப்படியே இருக்கும். எஸ்பிஎஸ்எஸ் பயன்படுத்துபவர்கள் ஓகே பொத்தானை அழுத்துவதற்குப் பதில் 'பேஸ்ட்' பொத்தானை அழுத்தினால் கட்டளை வரிகளாக எழுதிக்கொடுக்கும். அதைச் சேமித்து வைத்தால், என்ன செய்தோம் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களில் 'செப்ட்2', 'மார்ச்1' என்று சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செல் அவற்றை செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. 2004-இலேயே ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் மென்பொருளை மாற்ற முடியாத அறிவியலாளர்கள் மரபணுவின் பெயரை மாற்றினார்கள். 2020-இல் வெளியான புதிய வழிகாட்டியில் செப்ட்2 'செப்டின்2' ஆனது, மார்ச்1 'மார்ச்எஃப்1' ஆனது. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் 2023-இல்தான் கொடுத்தது.

வேறு யாரோ மாற்றிக் கொடுத்த எண்களிலும் கவனம் வேண்டும். புகைமூட்டக் காலத்தில் நாம் தினமும் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நேரடி அளவீடு அல்ல. ஆறு மாசுப் பொருள்களின் அளவை ஒவ்வொன்றாகக் குறியீடாக மாற்றி, அவற்றில் உயர்ந்ததை மட்டும் அறிவிக்கிறார்கள். சிங்கப்பூரில் குறியீடு 140 என்றால், அதை உண்டாக்கியது பிஎம்2.5 நுண்துகள் என்று தெரிந்தால், ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 93 மைக்ரோகிராம் என்று திருப்பிவிடலாம். மற்ற ஐந்தும் அந்த நேரத்தில் எவ்வளவு என்பது 140-க்குள் இல்லை. இன்னொன்று, விதியே மாறியிருக்கிறது. 2013 ஜூன் 21-இல் சிங்கப்பூரில் மூன்று மணி நேரக் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மூவாரில் 746. அப்போது இரு நாட்டுக் குறியீட்டிலும் பிஎம்2.5 சேர்க்கப்படவில்லை. சிங்கப்பூர் 2014-இலும் மலேசியா 2018-இலும்தான் சேர்த்தன. 2013-ஐயும் 2019-ஐயும் ஒரே வரைபடத்தில் போடும் பள்ளி ஆய்வுகளை நான் நிறையப் பார்க்கிறேன். குறியீட்டை விட்டுவிட்டு, அந்தந்த நாளின் அளவீட்டைத் தேடி எடுத்துப் போடுவதே சரி.

திரும்பி வந்த எண் அதே எண்தானா?

மாணவர்கள் மட்டுமல்ல, விரிவுரையாளர்களும் தடுமாறும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று பேரிடம் 10, 100, 1,000 வெள்ளி இருக்கிறது. சராசரி 370. இப்போது பத்தின் அடியில் மடக்கை எடுங்கள்: 1, 2, 3. இவற்றின் சராசரி 2. இதைத் திருப்பினால் 10-இன் இருபடி, அதாவது 100. கணக்கில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் 370 எங்கே போயிற்று?

ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகத் திருப்பினால் 10-உம் 100-உம் 1,000-உம் அப்படியே வரும். சராசரி எடுத்த பிறகு திருப்பினால் வருவது வேறு வகைச் சராசரி, பெருக்குச் சராசரி. அது தவறான எண் அல்ல, வேறு கேள்விக்கான பதில். வழக்கமான சராசரிதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 1983-இல் நைஹுவா டுவான் என்ற புள்ளியியலாளர் ஓர் எளிய திருத்தத்தைச் சொன்னார். மடக்கைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள்: ‑1, 0, 1. இவற்றைத் தனித்தனியே திருப்பினால் 0.1, 1, 10. இந்த மூன்றின் சராசரி 3.7. இதை 100-ஆல் பெருக்குங்கள். 370 வந்துவிட்டது. உண்மையான ஆய்வுகளில் இவ்வளவு கச்சிதமாக வராது, ஆனால் வழி இதுதான்.

அந்த மாணவியின் நேர்காணலில் தேர்வாளர் இதைத்தான் கேட்டிருக்கிறார். அறிக்கையில் கைச்செலவின் சராசரி என்று போட்டிருந்த எண், மடக்கையிலிருந்து திரும்பி வந்த எண். "இது எந்தச் சராசரி?" என்ற கேள்விக்கு அவர் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து, 212 பேரின் அசல் வெள்ளிக் கணக்கிலிருந்து வழக்கமான சராசரியையும் அங்கேயே எடுத்துக் காட்டினாராம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எது என்று பெயரிட்டு, இரண்டு வாரத்தில் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். நிமிடப் பத்தியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.